அல்லேலூயா: பொருள் என்ன, ஏன் யாரும் அதை மொழிபெயர்க்கவில்லை?

கடலோரக்குயில் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கில் பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். சாம்பல் புதன் வந்ததும் அல்லேலூயாவை நிறுத்திவிட்டு நற்செய்திக்கு முன் வேறு வாழ்த்தொலி பாடுவோம். இந்த வருஷம் மறைக்கல்வி வகுப்பில் ஒரு பையன், "அது என்ன கெட்ட வார்த்தையா டீச்சர், தவக்காலம் முழுக்கச் சொல்லக் கூடாதுன்னு வச்சிருக்காங்க?" என்று கேட்டான். தவக்காலம் நோன்புக் காலம், அது சந்தோஷச் சத்தம் என்று சொல்லி வைத்தேன். எங்கள் ஆர்மோனியப் பெரியவரோ, அதற்கு அர்த்தமே கிடையாது, பெண்கள் குலவை போடுகிற மாதிரி வெறும் ஓசை என்கிறார். இன்னொருவர் வாட்ஸப்பில் வந்ததைக் காட்டினார்: "அல்லல் இல்லை ஐயா" என்கிற தமிழ்தான் திரிந்து அல்லேலூயா ஆனதாம்.

இதுபோக அடக்கப் பூசையில் அல்லேலூயா பாடினால் சில வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். "சாவு வீட்டில் என்ன கொண்டாட்டம்?" என்று நேராகவே கேட்கிறார்கள். பாடலாமா, கூடாதா?

விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பிள்ளைகளிடம் சொல்கிற மாதிரி இருந்தால் நல்லது.


பாளைக்காரன் எழுதியது:

வெறும் ஓசை இல்லை, தங்கச்சி. அது இரண்டு எபிரேயச் சொற்கள் சேர்ந்த முழு வாக்கியம். "ஹல்லெலு" என்றால் "துதியுங்கள்". "யா" என்பது கடவுளின் பெயர், யாவே (பழைய புஸ்தகங்களில் யெகோவா) என்ற பெயரின் சுருக்கம். ஆக, "யாவைத் துதியுங்கள்".

"யா" உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். ஏசாயா, எரேமியா, செப்பனியா, சகரியா, ஒபதியா, நெகேமியா, எலியா: இத்தனை பெயரின் வாலிலும் இருப்பது அந்த யாதான். எலியா என்றால் "என் கடவுள் யா". ஒபதியா என்றால் "யாவின் ஊழியன்". சகரியா என்றால் "யா நினைவுகூர்ந்தார்". வகுப்பில் பட்டியல் போட்டு எழுதச் சொல்லுங்கள், பயல்கள் விடமாட்டார்கள். ஒன்று மட்டும் கவனம், மேசியா இந்தப் பட்டியலில் சேராது. அது "மஷியாக்", அபிஷேகம் பண்ணப்பட்டவர். அங்கே யா வெறும் ஒலி ஒற்றுமை.

இனி "ஹல்லெலு". இது ஏவல் வினை, அதுவும் பன்மை. "துதிக்கிறேன்" என்றோ "துதி உண்டாவதாக" என்றோ அதற்குப் பொருள் இல்லை. எதிரே நிற்கிற கூட்டத்தைப் பார்த்து "நீங்கள் துதியுங்கள்" என்று கட்டளை போடுகிறது. நாம் பாதி நேரம் அதைக் கடவுளைப் பார்த்துச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்கிறோம். உண்மையில் அது பக்கத்துப் பெஞ்சுக்காரரைப் பார்த்துச் சொல்கிற சொல்.

எபிரேய வேதாகமத்தில் சங்கீத புஸ்தகத்தில் மட்டும்தான் இது வருகிறது, 24 தடவை. எல்லாமே 104ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்திலிருந்துதான். 146 முதல் 150 வரை ஐந்து சங்கீதங்களும் அல்லேலூயாவில் தொடங்கி அல்லேலூயாவில் முடியும்.

வாட்ஸப் விளக்கத்துக்கு என்ன சொல்ல? "அல்லல் இல்லை ஐயா" கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஆமென் "ஆம் என்"தான், ஓசன்னா "ஓசை அண்ணா"தான். எபிரேயத்தில் "ஹில்லேல்" (துதித்தான்), "தெஹில்லா" (துதி), "தெஹில்லிம்" (சங்கீத புஸ்தகத்துக்கு யூதர் வைத்த பெயர்) என்று ஒரு குடும்பமே இருக்கும்போது, அதில் ஒரு பிள்ளையை மட்டும் நாம் தத்தெடுக்க முடியாது.


வேர்ச்சொல்வேட்டை எழுதியது:

தமிழ் மூத்த மொழி என்பதை ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே. "அல்" என்ற வேருக்குத் தமிழில் எத்தனை பொருள் இருக்கிறது தெரியுமா? சரி, அது போகட்டும். இன்னொரு கேள்வி. அல்லேலூயாவில் "அல்லா" இருப்பதாக யூடியூபில் ஒருவர் பேசுகிறார். இதற்கு என்ன பதில்?


காயல்பறவை எழுதியது:

அந்த யூடியூப் விஷயத்துக்கு நான் பதில் சொன்னால் பொருத்தமாக இருக்கும். நான் முஸ்லிம், கொஞ்சம் அரபி ஓதியவன்.

அல்லாஹ் என்பது அலிஃபில் தொடங்கும், பெயர்ச்சொல். அல்லேலூயா எபிரேயத்தில் "ஹே" எழுத்தில் தொடங்கும், வினைச்சொல். கிரேக்கத்துக்குப் போனபோது முதலில் இருந்த "ஹ" உதிர்ந்ததால்தான் "அல்" என்று ஒலிக்கிறது. எனவே அந்த ஒற்றுமை வெறும் தற்செயல்.

அதற்காக அரபிக்கும் இதற்கும் உறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. உறவு வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் பக்கம் "தஹ்லீல்" ஓதுவது எல்லாருக்கும் தெரியும், "லா இலாஹ இல்லல்லாஹ்" என்று திரும்பத் திரும்பச் சொல்வது. அந்தத் தஹ்லீல் என்ற சொல்லின் வேர் ஹ-ல்-ல். அல்லேலூயாவின் ஹல்லெலுவுக்கும் அதே மூன்று எழுத்து. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் தல்பியாவைக் குரல் உயர்த்திச் சொல்வது "இஹ்லால்". பிறைக்கு "ஹிலால்" என்று பெயர். பிறை தெரிந்ததும் மக்கள் குரல் எழுப்புவார்கள் என்பதால் அந்தப் பெயர் வந்தது என்று பழைய அரபி அகராதிகளில் விளக்கம் உண்டு. ஆக, கூட்டமாகச் சேர்ந்து குரல் எழுப்புவதுதான் இந்த வேரின் அடிப்படை வாசனை.

அந்த வகையில் குலவை என்று சொன்ன ஆர்மோனியப் பெரியவரை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். பொருள் இல்லை என்றது சரியில்லை. ஆனால் வேரில் ஒரு சத்தம் இருக்கிறது.


பாளைக்காரன் எழுதியது:

அருமை பாய். இதே வேரில் எபிரேயத்திலும் சில வேடிக்கை உண்டு. ஏசாயா 14:12இல் "அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே" என்று வருகிறதே, அந்த விடிவெள்ளி எபிரேயத்தில் "ஹேலேல்", மின்னுகிறவன். 1 சாமுவேல் 21:13இல் தாவீது ஆகீஸ் ராஜாவிடம் மாட்டிக்கொண்டு, கதவைக் கீறி, தாடியில் நுரை வழிய, "பித்தங்கொண்டவன்போலக்" காண்பித்தான் என்கிறதே, அந்த வினையும் ஹ-ல்-ல்தான். மின்னுவது, துதிப்பது, பெருமையடிப்பது, பித்துப்பிடித்தவன் போல நடப்பது எல்லாம் ஒரே வேரா, ஒலி ஒத்த வெவ்வேறு வேர்களா என்பதில் அகராதிக்காரர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் சங்கீதம் பாடிய அதே தாவீதின் கதையில் அந்தச் சொல் வந்து உட்கார்ந்திருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.


எழும்பூர்வாசி எழுதியது:

நான் பெந்தெகோஸ்தே சபை. எங்களைப் பார்த்தாலே "அல்லேலூயா கோஷ்டி வருது" என்று தெருவில் கூப்பிடுகிறார்கள், அதனால் இந்த இழையில் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன் :)

பாஸ்டர் பிரசங்கத்தில் நிமிஷத்துக்கு ஒரு தடவை "அல்லேலூயா?" என்பார், சபை "ஆமென்" என்றோ திரும்ப "அல்லேலூயா" என்றோ சொல்லும். இதை மற்றவர்கள் கேலி பண்ணுகிறார்கள், முற்றுப்புள்ளிக்குப் பதிலாக அல்லேலூயா போடுகிறீர்கள் என்று. பாளைக்காரன் அண்ணன் சொன்னபடி அது கூட்டத்துக்குப் போடுகிற கட்டளை என்றால், நாங்கள்தானே அதைச் சரியாகப் பயன்படுத்துகிறோம்?


பாளைக்காரன் எழுதியது:

உங்கள் கட்சிக்கு நல்ல சாட்சி இருக்கிறது தம்பி. பஸ்காவில் யூதர்கள் பாடுகிற 113 முதல் 118 வரையான சங்கீதங்களுக்கு "ஹல்லேல்" என்றே பெயர். மத்தேயு 26:30இல் கடைசி இராப்போஜனம் முடிந்து இயேசுவும் சீஷர்களும் ஸ்தோத்திரப்பாட்டுப் பாடி ஒலிவமலைக்குப் போனார்கள் என்று வருவது இந்த ஹல்லேலைத்தான் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. அதைப் பாடும் முறையைப் பற்றி பாபிலோனியத் தல்மூதில் (ரபிகள் என்ற யூத மதகுருமாரின் பழைய விவாதத் தொகுப்பு), சுக்கா என்ற பகுதியில் பேச்சு வருகிறது: முன்னே நின்று ஓதுகிறவர் "ஹல்லெலுயா" என்பார், மற்றவர்கள் "ஹல்லெலுயா" என்று பதில் சொல்ல வேண்டும். அப்படிப் பதில் சொல்வது கடமை என்றே ராவா என்ற ரபி சொல்கிறார். உங்கள் பாஸ்டரும் சபையும் செய்வது அதன் தூரத்துச் சொந்தம்.

ஆனால் பிரசங்கத்தில் அடுத்த வரி மறந்துபோகும்போது இடத்தை நிரப்பவும் அது பயன்படுகிறது என்பதை நீங்களும் மறுக்க மாட்டீர்கள். எங்கள் சி.எஸ்.ஐ. ஐயர்மார் அந்த இடத்தில் "ஆகவே பிரியமானவர்களே" போடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. உங்கள் சபையில் கைகுலுக்கும்போது "பிரைஸ் த லார்ட்" என்கிறீர்களே, அது என்ன? அல்லேலூயாவின் நேர் இங்கிலீஷ். கிங் ஜேம்ஸ் வேதாகமத்தின் சங்கீதங்களில் அல்லேலூயா என்ற சொல்லே கிடையாது, எல்லா இடத்திலும் "பிரைஸ் யீ த லார்ட்" என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். நம் தமிழ் வேதாகமம் அப்படிச் செய்யவில்லை.


கடலோரக்குயில் எழுதியது:

அதுதான் எனக்குப் புரியாத இடம், அண்ணாச்சி. தலைப்பிலும் அதைத்தான் கேட்டேன். இத்தனை சுலபமாக "ஆண்டவரைப் புகழுங்கள்" என்று சொல்ல முடியும் என்றால் ஏன் அப்படியே எபிரேயத்திலேயே விட்டுவிட்டார்கள்? தமிழில் எல்லாவற்றையும் மாற்றினோமே. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று. பூசை திருப்பலி ஆயிற்று. அல்லேலூயா மட்டும் அசையவில்லை.


பாளைக்காரன் எழுதியது:

இந்தக் கேள்வியை உங்களுக்கு முன்னால் ஒரு பெண்மணி கேட்டிருக்கிறார். 384ஆம் ஆண்டு வாக்கில் உரோமையில் மார்செல்லா என்ற பெண் துறவி, அல்லேலூயா, ஆமென், மாரநாதா மாதிரிச் சொற்களை ஏன் மொழிபெயர்க்காமல் விட்டார்கள் என்று எரோனிமுஸிடம் நேரில் கேட்டார். வேதாகமத்தை லத்தீனில் கொடுத்த அதே எரோனிமுஸ்தான். அவர் பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. யா என்பது கடவுளின் பத்துப் பெயர்களில் ஒன்று என்று அதற்கு விளக்கம் எழுதுகிறார்.

கொஞ்ச காலம் கழித்து ஆயர் அகுஸ்தீன் இன்னும் தெளிவாகப் பிரிக்கிறார். சில எபிரேயச் சொற்களை மொழிபெயர்க்கவே முடியாது, ஓசன்னா அப்படிப்பட்டது என்கிறார். ஆமெனையும் அல்லேலூயாவையும் மொழிபெயர்க்க முடியும், ஆனாலும் அவற்றின் பழமைக்கும் புனிதத்துக்கும் மரியாதை கொடுத்து அப்படியே வைத்துக்கொண்டோம் என்கிறார். முடியாமல் விட்டதில்லை, வேண்டுமென்றே விட்டது.

எனக்குப் படுகிற காரணம் இன்னும் நுணுக்கமானது. நம் பழைய தமிழ் வேதாகமத்தை எடுத்து (1871இல் முடிந்த ஹென்றி பவர் ஐயரின் மொழிபெயர்ப்பு வழி வந்தது) சங்கீதம் 113:1 வாசியுங்கள்:

"அல்லேலூயா, கர்த்தருடைய ஊழியக்காரரே, துதியுங்கள், கர்த்தருடைய நாமத்தைத் துதியுங்கள்."

எபிரேயத்தில் இந்த ஒரே வசனத்தில் "ஹல்லெலு" மூன்று தடவை வருகிறது. இரண்டாவதையும் மூன்றாவதையும் அழகாக "துதியுங்கள்" என்று தமிழாக்கிவிட்டார்கள். முதலாவதை மட்டும் தொடவில்லை. வினை ஒன்றுதான். வித்தியாசம் அதன் முதுகில் ஏறியிருக்கும் "யா". அந்தப் பெயர் ஒட்டிக்கொண்ட இடத்தில் மட்டும் மொழிபெயர்ப்பாளர்களின் கை நின்றுவிடுகிறது. 150ஆம் சங்கீதத்திலும் இதே கதை: முதல் சொல் அல்லேலூயா, அடுத்து வருகிற "ஹல்லெலு" எல்லாம் துதியுங்கள்.

இதைவிட ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதுதான் மரபு. யூதர்கள் யாவே என்ற நாலெழுத்துப் பெயர் வரும் இடத்தில் "அதோனாய்" என்று வாசிப்பார்கள். கிரேக்கர் "கூரியோஸ்" என்றார்கள். நாம் கர்த்தர், நீங்கள் ஆண்டவர். எல்லாம் அந்தப் பெயரைச் சொல்லாமல் தப்பிக்கும் வழிகள். அப்படி மறைத்துக்கொண்டே வந்தவர்கள் அல்லேலூயாவுக்குள் மட்டும் அதன் சுருக்கத்தை உரக்கப் பாடுகிறார்கள். இன்றும் ஆசாரமான யூதர்கள் வழிபாட்டுக்கு வெளியே சும்மா பேசும்போது அதைக்கூட "ஹல்லெலுகா" என்று மாற்றிச் சொல்வார்கள்.


குழித்துறைக்காரன் எழுதியது:

அப்படியானா ஒரு சந்தேகம் மக்கா. 2008இல் வத்திக்கானில் இருந்து, வழிபாட்டிலும் பாட்டிலும் "யாவே" என்று சொல்லக் கூடாதுன்னு கடிதம் வந்துச்சு. எங்க பங்குல ரெண்டு மூணு பாட்டை அதுக்காகவே மாத்தினோம். அல்லேலூயா பாடுறோமே, அதுக்குள்ளயும் யா இருக்கே, அது மட்டும் எப்படிச் சரி?


பாளைக்காரன் எழுதியது:

நல்ல கேள்வி. அந்தக் கடிதம் நாலெழுத்து முழுப் பெயரைப் பற்றியது. அல்லேலூயா கிரேக்க வேதாகமத்திலேயே ஒரே சொல்லாக உறைந்துவிட்டது, வெளிப்படுத்தின விசேஷத்திலும் அப்படியே வருகிறது.

அல்லேலூயா ஒரு சொல்லா, இரண்டு சொல்லா என்பதே ரபிமாருக்குள் பழைய வழக்கு. தல்மூதில் பெசாகிம் என்ற பகுதியில் இந்த விவாதம் இருக்கிறது. ஒரே சொல்தான் என்று யோகனான் ரபி பெயரில் ஒரு கருத்து. எதிர்ப் பக்கம் ராவ். "என் மாமா வீட்டுச் சங்கீதச் சுருளைப் பார்த்தேன், ஹல்லெலு ஒரு பக்கம், யா இன்னொரு பக்கம் எழுதியிருந்தது" என்கிறார். நம் ஊர்ப் பட்டா வழக்கில் பழைய பத்திரத்தை எடுத்துக் காட்டுகிற தோரணைதான். இரண்டு சொல் என்றால் "யா" தனியே நிற்கிற தெய்வப் பெயர், எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒரே சொல் என்றால் அந்தக் கண்டிப்பு இல்லை. விஷயம் இலக்கணம் மாதிரித் தெரியும், உள்ளே இருப்பது பயபக்தி.

அதே பக்கத்தில் யோசுவா பென் லேவி என்பவர், சங்கீதத்தில் இருக்கிற பத்து வகைத் துதிச் சொற்களில் ஹல்லெலுயாதான் பெரியது என்கிறார். காரணம், அந்த ஒன்றுக்குள்ளேயே பெயரும் இருக்கிறது, துதியும் இருக்கிறது.


குழித்துறைக்காரன் எழுதியது:

சரிதான். இன்னொண்ணு, எங்க எல்லையில கேட்டுப் பழகினது. மலையாளத்துக் கிறிஸ்தவங்க தெளிவா "ஹ" போட்டு "ஹல்லேலூயா"ன்னுதான் பாடுவாங்க. நாம அல்லேலூயா. எங்க ஊர்ல ரெண்டும் கலந்து கேக்கும், எது சரின்னு சண்டையே நடக்கும்.


பாளைக்காரன் எழுதியது:

இரண்டும் சரி. வந்த வழி வேறு. கேரளத்து மார் தோமா கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டு மொழி சுரியானி. அது அரமேயக் குடும்பம், எபிரேயத்தின் உடன்பிறப்பு, ஆகவே "ஹ" தப்பித்தது. கிரேக்கத்திலும் லத்தீனிலும் அது போய்விட்டது, "அல்லேலூயா" ஆகிவிட்டது. தமிழ் வடிவத்தைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்: அல்-லே-லூ-யா. எபிரேயத்தில் நடுவில் உள்ள "லெ" சட்டென்று விழுங்கப்படும் குற்றுயிர். அதை "லே" என்று நீட்டியவர்கள் கிரேக்கர். தமிழில் "லே" நெடிலாக இருப்பதே அது எந்த வாசல் வழியாக நம்மிடம் வந்தது என்று சொல்லிவிடும்.

தமிழ் வேதாகமத்துக்கு "ஹ"வை உதிர்க்கிற பழக்கமும் உண்டு. ஹோசேயா ஓசியா ஆனார், ஹபக்கூக் ஆபகூக் ஆனார், ஹகாய் ஆகாய் ஆனார், ஹாகார் ஆகார் ஆனாள்.


பனங்கூடல் எழுதியது:

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். நீங்கள் எல்லாரும் சொல்லுக்குள்ள போயிட்டியள், பிள்ளை கேட்ட கேள்விக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. தவக்காலத்தில ஏன் பாடுறேல்லை? "சந்தோஷச் சத்தம்" எண்ட விளக்கம் போதாது எண்டு நினைக்கிறன். துதிக்கிறது துக்கத்திலயும் செய்யலாம்தானே?


கடலோரக்குயில் எழுதியது:

நன்றி அண்ணை, அதைத்தான் நானும் கேட்க இருந்தேன்.


ஏட்டுப்பூச்சி எழுதியது:

இவ்வளவு நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வழிபாட்டு வரலாறு கொஞ்சம் படித்திருப்பதால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்கிறேன். நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், தவக்காலத்தில் அல்லேலூயா கூடாது என்பது எல்லாத் திருச்சபைக்கும் பொதுவான சட்டம் கிடையாது. கிரேக்க, ருசிய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் தவக்காலத்து வாரநாள் காலை வழிபாட்டில்தான் அல்லேலூயா மற்ற நாட்களைவிட அதிகம் கேட்கும். மற்ற நாட்களில் வேறு பாடல் வரும் இடத்தில், நோன்பு நாளில் அல்லேலூயா வரும். அவர்களுக்கு அது நோன்பின் அடையாளம்! ஆகவே பனங்கூடல் அண்ணை சொல்வது சரி. சொல்லுக்குள்ளேயே துக்கத்துக்கு விரோதமான எதுவும் இல்லை.

அப்படியென்றால் லத்தீன் சபையில் (நம் கத்தோலிக்க வழக்கில்) இந்தப் பழக்கம் எப்படி வந்தது? அகுஸ்தீன் காலத்தில், அதாவது 400ஆம் ஆண்டையொட்டி, பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, பிந்திய 50 நாள் அல்லேலூயாவின் காலம். சில இடங்களில் அந்த 50 நாள் மட்டும் பாடுகிறார்கள், வேறு இடங்களில் மற்ற நாட்களிலும் பாடுகிறார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். அதாவது மேற்கில் அது "பாஸ்கா பாட்டு" என்று முத்திரை வாங்கிவிட்டது. பெரிய கிரகோரி பாப்பு 50 நாளுக்கு வெளியிலும் பாட வைத்தபோது, கான்ஸ்தாந்திநோபிளின் வழக்கத்தைக் காப்பியடிக்கிறார் என்று முணுமுணுப்பு எழுந்தது. அதற்கு அவர் 598இல் சிராக்கூசா ஆயருக்கு எழுதிய விளக்கக் கடிதம் கிடைத்திருக்கிறது. வருஷம் முழுக்கப் பரவிய பிறகும் தவக்காலம் மட்டும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. எனவே பையனிடம் இப்படிச் சொல்லலாம்: அது தடை செய்த வார்த்தை இல்லை, பாஸ்காவுக்கென்று எடுத்து வைத்திருக்கிற பாட்டு. பெரிய சனி இரவு பாஸ்கா திருவிழிப்பில் குரு ஒவ்வொரு தடவையும் சுருதி ஏற்றி மூன்று முறை பாடுகிறாரே, அதற்காகத்தான் இத்தனை வாரப் பட்டினி.

1970க்கு முன் இந்தப் பட்டினி இன்னும் நீளம். சாம்பல் புதனுக்கு இரண்டரை வாரம் முன்பே, செப்துவாஜெசிமா ஞாயிற்றோடு நின்றுவிடும். இடைக்கால ஐரோப்பாவில் அதற்கு வழியனுப்பு விழாவே நடந்தது. பிரான்ஸின் தூல் நகரப் பேராலயத்தில் 15ஆம் நூற்றாண்டில், பாடகர் குழுச் சிறுவர்கள் சிலுவை, மெழுகுவர்த்தி, தீர்த்தம், தூபத்தோடு ஒரு மண்கட்டியைப் பிணம் போலத் தூக்கிக்கொண்டு, அழுது புலம்பிப் போய் அல்லேலூயாவை அடக்கம் பண்ணுவார்கள். உங்கள் மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடிக்கும். ஆனால் பங்குத்தந்தையிடம் கேட்காமல் செய்து பார்க்க வேண்டாம்.

இனி அடக்கப் பூசை. இதில் பெரியவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அவர்கள் வளர்ந்த காலத்து லத்தீன் இறந்தோர் திருப்பலியில் அல்லேலூயா கிடையாது. கறுப்பு உடுப்பு, "நியாயத்தீர்ப்பு நாள்" பாட்டு, அவ்வளவுதான். 1969இல் வந்த புதிய அடக்கச் சடங்கு முறையில்தான் நற்செய்திக்கு முன் அல்லேலூயா திரும்பி வந்தது. "திரும்பி" என்று சொல்வது காரணத்தோடுதான். 399 வாக்கில் உரோமையில் ஃபபியோலா என்ற பெண்மணி இறந்தார், சொத்தை விற்று நோயாளிகளுக்கு இல்லம் கட்டியவர். அவர் அடக்கத்தைப் பற்றி எரோனிமுஸ் எழுதும்போது, சங்கீதங்கள் முழங்க, அல்லேலூயா எதிரொலித்துக் கோயில்களின் பொன்கூரைகள் அதிர்ந்தன என்கிறார். கிழக்குச் சபைகளின் அடக்கத்தில் அது எப்போதும் உண்டு. ஆகவே தவக்காலம் இல்லாத நாளில் தாராளமாகப் பாடுங்கள். கித்தாரும் டிரம்ஸும் வைத்து ஈஸ்டர் மெட்டில் பாடினால் வீட்டார் கோபப்படத்தான் செய்வார்கள். அங்கே குறை சொல்லில் இல்லை, மெட்டில். மெதுவான மெட்டு ஒன்றைப் பழகி வையுங்கள்.


எழும்பூர்வாசி எழுதியது:

எரோனிமுஸ் பற்றி இன்னும் ஏதாவது இருந்தால் எழுதுங்கள் சார், சுவாரசியமாக இருக்கிறது.


ஏட்டுப்பூச்சி எழுதியது:

இருக்கிறதே. பெத்லகேமில் பவுலா அம்மையார் நடத்திய பெண்கள் மடத்தில் அல்லேலூயா பாடும் சத்தம்தான் ஜெபத்துக்கு அழைப்பு. அதைக் கேட்டதும் யாரும் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. "துதியுங்கள்" என்ற கட்டளை அங்கே நிஜமாகவே கட்டளையாக இருந்தது. அந்த ஊர் வயல்களில் உழவர்கள் ஏர் பிடித்துக்கொண்டே அல்லேலூயா பாடுவதையும் அங்கிருந்து போன கடிதம் ஒன்று சொல்கிறது.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. உரோமையில் லேத்தா என்ற தாய்க்கு எரோனிமுஸ் குழந்தை வளர்ப்புப் பற்றி எழுதிய கடிதம். லேத்தாவின் அப்பா கிறிஸ்தவர் இல்லை, பழைய ரோமச் சமயத்தின் பூசாரி. பேத்தி தாத்தாவைக் கண்டதும் மடியில் தாவட்டும், கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கட்டும், அவருக்குப் பிடிக்காவிட்டாலும் காதில் அல்லேலூயா பாடட்டும் என்கிறார். சுவிசேஷ ஊழியத்தில் இதைவிடத் தந்திரமான முறையை நான் பார்த்ததில்லை.


வேர்ச்சொல்வேட்டை எழுதியது:

எல்லாம் இனிப்பாகவே போகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 19ஆம் அதிகாரத்தை யாரும் தொடவில்லையே? புதிய ஏற்பாட்டில் அல்லேலூயா வருவது அங்கே மட்டும்தான், நாலு தடவை. எதற்காகப் பாடுகிறார்கள்? ஒரு நகரம் எரிகிறது, அதன் புகை என்றென்றைக்கும் எழும்புகிறது, பார்த்துவிட்டு "அல்லேலூயா" என்கிறார்கள். இதைக் கொண்டாட்டச் சொல் என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பீர்கள்?


பாளைக்காரன் எழுதியது:

தவிர்க்கக் கூடாத கேள்வி. ஆறாவது வசனத்து நாலாவது அல்லேலூயா ஆட்டுக்குட்டியானவரின் கலியாணத்துக்கு என்று சொல்லித் தப்பிக்கலாம். முதல் மூன்றும் பாபிலோனின் வீழ்ச்சிக்குத்தான். எழுதினவர்கள் உரோமை ராஜ்ஜியத்தின் காலடியில் கிடந்தவர்கள் என்பதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

வேதாகமத்தின் முதல் அல்லேலூயாவும் இதே மாதிரி இடத்தில்தான் இருக்கிறது. சங்கீதம் 104 முழுக்க ஊற்று, பறவை, திராட்சரசம், சிங்கக்குட்டி, கடல் என்று சிருஷ்டியைக் கொண்டாடிவிட்டு, கடைசி வசனத்தில் பாவிகள் பூமியிலிருந்து நிர்மூலமாக வேண்டும், துன்மார்க்கர் இனி இராதபடிக்கு வேண்டும் என்று சொல்லி, உடனே "அல்லேலூயா". ரபிமாரும் இதைக் கவனித்தார்கள். தாவீது 103 சங்கீதம் பாடியும் அல்லேலூயா சொல்லவில்லை, துன்மார்க்கரின் வீழ்ச்சியைக் கண்ட பிறகுதான் சொன்னான் என்று தல்மூதின் பெராகோத் பகுதியில் வருகிறது.

ஆனால் அடுத்த பக்கத்திலேயே, இதே வசனத்தை வைத்து வேறொரு கதை. மேயிர் ரபியின் தெருவில் சில ரவுடிகள். ரொம்பத் தொந்தரவு. அவர்கள் செத்துப்போக வேண்டும் என்று ரபி ஜெபிக்கிறார். மனைவி பெரூரியா விடவில்லை. "எதை வைத்து இப்படி ஜெபிக்கிறீர்கள்? பாவிகள் ஒழியட்டும் என்ற வசனமா? அங்கே எழுதியிருப்பது பாவிகள் என்றா, பாவங்கள் என்றா?" என்று கேட்கிறார். உயிர்க்குறி இல்லாத எபிரேய எழுத்தில் பாவங்கள் என்றும் வாசிக்க இடம் உண்டு. பாவம் ஒழிந்தால் துன்மார்க்கர் தானாகவே இல்லாமல் போவார்கள், அவர்கள் திருந்தும்படி ஜெபியுங்கள் என்கிறார். ரபி அப்படியே ஜெபிக்கிறார், அவர்களும் திருந்துகிறார்கள்.

நான் பெரூரியா கட்சி. வெளிப்படுத்தின விசேஷத்துக்கு இந்த வாசிப்பு அப்படியே பொருந்தாது என்பதும் தெரியும்.


வேர்ச்சொல்வேட்டை எழுதியது:

பெரூரியா கதை நன்றாக இருக்கிறது. "அல்" வேரை நான் இன்னும் கைவிடவில்லை.


பனங்கூடல் எழுதியது:

கடைசியா ஒரு விஷயம் பாளைக்காரன் அண்ணை. ஹல்லெலு பன்மைக் கட்டளை எண்டால், வீட்டில தனிய இருந்து ஜெபிக்கிற ஒரு கிழவி அல்லேலூயா எண்டு சொன்னால் ஆருக்குச் சொல்லுறா?


பாளைக்காரன் எழுதியது:

146ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள்: "அல்லேலூயா, என் ஆத்துமாவே, கர்த்தரைத் துதி." முதல் சொல் பன்மை, "துதியுங்கள்". அடுத்த வினை ஒருமை, "ஹல்லெலி", துதி. ஊருக்கெல்லாம் சொன்ன கையோடு தன் ஆத்துமாவைத் திரும்பிப் பார்த்து, நீயும் துதி என்கிறான். 148க்குப் போனால் சூரிய சந்திரன், அக்கினி, கல்மழை, மூடுபனி, ஊரும் பிராணிகள், கனிமரங்கள் எல்லாவற்றுக்கும் கட்டளை போகிறது. அந்த அம்மாவுக்கு ஆள் பஞ்சமில்லை.


கடலோரக்குயில் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. "யா" பட்டியலையும் மண்கட்டி அடக்கத்தையும் ஞாயிறு வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன். ஆர்மோனியப் பெரியவருக்குக் காயல்பறவை அண்ணனின் பதிலை அப்படியே அனுப்பிவிட்டேன், "நான் சொன்னது பாதி சரி" என்று ஒரே குதூகலம். அடக்கப் பூசைக்கு மெதுவான மெட்டு யாரிடமாவது இருந்தால் சுரக்குறிப்போடு போடுங்கள். அப்படியே இன்னொன்று: சங்கீதத்தில் அங்கங்கே "சேலா" என்று வருகிறதே, அதையும் பாட வேண்டுமா?


நெறியாளர் எழுதியது:

சேலாவுக்குத் தனி இழை தொடங்குங்கள், அது இதைவிட நீளமாகப் போகும். மெட்டுகளை இசைப் பகுதியில் பதிவிடவும். "அல்" வேர் பற்றிய விவாதம் மொழியியல் பகுதிக்கு மாற்றப்படுகிறது.